மூன்றாம் தொட்டி

நம்புங்கள் என்று நான் யாரிடமும் கெஞ்சப் போவதில்லை. என் வலது உள்ளங்கையைப் பார்த்தால் போதும். ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்து, தோல் வெளுத்து வெடித்துக் கிடக்கிறது. தோல் டாக்டர் ஒருவர் திட்டினார். "இப்படித் தேய்ச்சா என்ன மருந்து போட்டாலும் ஆறாது. எதுக்குத் தேய்க்கிறீங்க?" அவரிடம் காரணம் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன். தேதியையும் நேரத்தையும் மாற்றவில்லை. நான் தொட்டதையும் தொட்டபடியே எழுதுகிறேன்.

2008, அக்டோபர் 5. ஞாயிற்றுக்கிழமை. நோன்புப் பெருநாள் முடிந்த வாரம்.

அப்போது நான் சவூதியில், தம்மாமில் ஏ.சி. மெக்கானிக். லீவில் வந்திருந்தேன். மனைவி ஷம்சாத்தும் மகள் ஷிஃபாவும் பட்டுக்கோட்டையில் என் மாமனார் சேக் தாவூது வீட்டில் இருந்தார்கள். ஷிஃபாவுக்கு ஏழு வயது. அவள் பிறந்தபோது நான் ஊரில் இல்லை. இந்த ஏழு வருஷத்தில் அவளோடு நான் இருந்த நாட்களைக் கூட்டினால் ஐந்து மாதம்கூடத் தேறாது. போனில் "அத்தா" என்று சத்தமாகக் கூப்பிடுவாள். நேரில் பார்த்ததும் அம்மாவின் புர்காவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். நான் வாங்கி வந்த பொம்மையைப் பிரித்து எடுத்துக்கொண்டாள். என் பக்கம் மட்டும் வரவில்லை.

கேட்டால் தலையாட்டுவாள். தூக்கப் போனால் உடம்பை விறைப்பாக வைத்துக்கொள்வாள். ரோட்டைக் கடக்கும்போது கையை நீட்டினால், தன் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விடுவாள்.

லீவு முடிய எட்டு நாள் இருந்தது. அதற்குள் ஒரே ஒரு தடவை அவளாக வந்து என் கையைப் பிடிக்க வேண்டும். எனக்கு வேறு ஆசை இல்லை.

மைத்துனன் சித்தீக்தான் யோசனை சொன்னான்.

"மச்சான், தஞ்சாவூர் ரோட்டுல ஒருத்தன் கட்டடத்துக்குள்ளயே காடு போட்டிருக்கான். சிங்கப்பூர்ல பாத்துட்டு வந்து போட்டதாம். உள்ளயே மழை பெய்யுதாம். கிளி, பாம்பு, ஓணான் எல்லாம் இருக்கு. இருட்டுல ஒரு பல்லியப் பாத்தா போதும், புள்ள தானா உங்க கையப் புடிக்கும். புடிக்கலைன்னா நான் மீசைய எடுத்துடுறேன்."

"உனக்கு மீசையே இல்லையே."

"அதான தைரியமா சொல்றேன்."

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். சித்தீக் கார் ஓட்டினான். ஷிஃபா பின் சீட்டில், அம்மா மடியோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். இரண்டு பக்கமும் தாளடி நெல்லுக்கு நாற்று விட்டிருந்தார்கள். போய்ச் சேர்ந்தபோது மணி 3.30.

தூரத்திலேயே புகைபோக்கி தெரிந்தது. அது பழைய அரிசி ஆலை. நெல்லை ஊற வைத்து, அவித்து, அரைக்கும் மில். முகப்பில் மட்டும் பச்சைப் பெயின்ட் அடித்து, சிமென்ட்டில் ஒரு மரமும் குரங்கும் செய்து வைத்திருந்தார்கள். நெல் காய வைக்கும் களம் கார் நிறுத்துகிற இடமாகிவிட்டது. டிக்கெட் கொடுக்கிற இடத்தில் செல்போன்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். வெளிச்சம் அடித்தால் பறவைகள் மிரளுமாம். என் கைக்கடிகாரம் மட்டும் என்னிடம் இருந்தது. இருட்டில் பச்சையாக மின்னும் முள் வைத்த பழைய கடிகாரம். அதனால்தான் நேரத்தைத் துல்லியமாகச் சொல்ல முடிகிறது.

கதவைத் திறந்ததும் அந்த நாற்றம் அடித்தது.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு விளக்கவே வேண்டாம். மூன்று நாள் ஊறிய நெல்லின் நாற்றம். புளித்த வாந்தியும் சாக்கடையும் கலந்த மாதிரி இருக்கும். மில் இருக்கிற தெருவில் குடியிருப்பவர்கள் ஜன்னலைத் திறக்கவே மாட்டார்கள். ஆனால் இந்த மில்லில் நெல் ஊறி வருஷக்கணக்காகிறது.

சித்தீக் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பினான். "நீங்க காட்டப் பாருங்க மச்சான். நான் வெளிய டீயப் பாக்குறேன்."

வழிகாட்டி ஒரு இளைஞன். பெயர் பரணிதரன். காக்கி உடுப்பு, பெரிய தொப்பி. நாற்றத்தைப் பற்றிக் கேட்டேன்.

"அது காட்டு வாசனை சார்."

"காட்டுல நெல்லு ஊறப் போடுவாங்களா?"

அவன் சிரிக்கவில்லை. "தினமும் பிளீச்சிங் பவுடர் போட்டுத்தான் சார் கழுவுறோம்" என்றான்.

முதல் கூடத்தில் வெளிச்சம் இருந்தது. மேலே குழாய்களிலிருந்து ஸ்ஸ்ஸ் என்று பனி மாதிரி தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தது. முகத்தில் பட்ட தண்ணீர் வெதுவெதுப்பாக, பிசுபிசுவென்று இருந்தது. கைப்பிடிக் கம்பியைத் தொட்டால் விரல் வழுக்கியது. தட்டில் வைத்த பப்பாளி அழுகி, அதில் வெள்ளைப் புழு நெளிந்தது. ஒரு ஆள் டப்பாவிலிருந்து உயிருள்ள கரப்பான்பூச்சிகளை ஓணான் கூண்டுக்குள் கொட்டினான். கொட்டின கையாலேயே பீடியை எடுத்து வாயில் வைத்தான். ஷிஃபாவுக்குக் குமட்டியது.

பெரிய கூண்டில் பஞ்சவர்ணக் கிளிகள் பன்னிரண்டு. கூண்டு ஒரு லாரி அளவுக்கு இருக்கும். பன்னிரண்டும் வாசல் பக்க மூலையில் ஒன்றின்மேல் ஒன்று ஏறி ஒடுங்கிக் கிடந்தன. மறுபக்கம் முழுக்கக் காலி. அங்கே ஒரு எச்சம்கூட விழுந்திருக்கவில்லை.

"ஏன் அந்தப் பக்கம் போகலை?" என்று கேட்டேன்.

"அந்தச் சுவத்துக்குப் பின்னாடி இரவுக் காடு சார். வாங்க" என்றான் பரணிதரன். கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை.

3.58. இரவுக் காட்டுக்குள் போனோம்.

அதுதான் மில்லின் பழைய அவியல் கூடம். ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்து, சுவர் முழுக்கக் கறுப்பு அடித்திருந்தார்கள். அங்கங்கே நீல பல்பு. நடுவில் தரையிலிருந்து உயர்த்திப் போட்ட பலகைப் பாதை. பாதையின் இடது பக்கம் வரிசையாக நாலு ஊறல் தொட்டிகள், ஒவ்வொன்றும் ஆள் உயரத்துக்கு மேல் ஆழம். நெல் ஊறின தொட்டிகளைத்தான் இப்போது குளமாக்கியிருந்தார்கள்.

முதல் தொட்டியில் ஆப்பிரிக்கக் கெளுத்தி. கோழிக்குடலைப் போட்டதும் வெள்ளை வயிறு தெரியப் புரண்டு, ஒன்றை ஒன்று கடித்தன. இரண்டாவதில் ஆமைகள், பாசி பிடித்த முதுகோடு.

மூன்றாவது தொட்டியில் எதுவும் இல்லை. தண்ணீர் மட்டும். பழைய கஞ்சி நிறம். மேலே ஆடை கட்டியிருந்தது.

"இதுல என்ன?"

"எதை விட்டாலும் மறுநாள் மல்லாந்து கிடக்கு சார். தண்ணிய மாத்தியும் பாத்தாச்சு. சாயங்காலத்துக்குள்ள மறுபடி இப்படி ஆயிடும்."

சொல்லிவிட்டு, முன்னால் போன இரண்டு குடும்பங்கள் கூப்பிட்டதால் அவன் அந்தப் பக்கம் ஓடினான்.

மூன்றாவது தொட்டிக்கு எதிரே, வலது பக்கச் சுவரில் கண்ணாடிப் பெட்டி ஒன்று இருந்தது. உள்ளே பச்சைத் தவளைகள். நான் குனிந்து பார்த்தேன். ஷம்சாத்தும் ஷிஃபாவும் எனக்குப் பின்னால் நின்றார்கள். ஷிஃபா அம்மாவின் புர்காவால் மூக்கை மூடியிருந்ததைக் கண்ணாடியில் பார்த்தேன். அப்போது மணி 4.06.

"ஷிஃபாம்மா, இங்க வாடா. தவளை பாரு. தொண்டை எப்படி உப்புது பாரு."

பதில் இல்லை. வழக்கம்தானே என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவளாக வரட்டும் என்று அப்படியே குனிந்து நின்றேன்.

4.12. கரண்ட் போனது.

அந்த வருஷம் தினமும் போகும். அதனால் யாரும் பதறவில்லை. தூரத்தில் பரணிதரனின் குரல் கேட்டது. "எல்லாரும் நின்ன எடத்துலயே நில்லுங்க. பலகை வழுக்கும். ஜெனரேட்டர் போடச் சொல்றேன்."

நீல பல்பு அணைந்ததும் என் கைகூட எனக்குத் தெரியவில்லை. தண்ணீர் தெளிக்கும் சத்தமும் நின்றது. எங்கிருந்தோ டப்... டப்... என்று சொட்டியது.

"ஷம்சாத்?"

பதில் இல்லை.

"ஷிஃபா, பயப்படாதம்மா. அத்தா இங்கதான் இருக்கேன்."

வலது கையைப் பின்பக்கம் நீட்டினேன்.

4.14. ஒரு சின்னக் கை என் கைக்குள் வந்தது.

அந்த நிமிஷத்தில் எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஏழு வருஷம். போனில் எத்தனை முத்தம் கொடுத்திருப்பேன். இப்போதுதான் என் பிள்ளை அவளாகவே என் கையைப் பிடித்திருக்கிறாள். சித்தீக் சொன்னது நடந்துவிட்டது.

கை ஈரமாக இருந்தது. கம்பியைத் தொட்டிருப்பாள் என்று நினைத்தேன்.

"பயமா இருக்கா?"

விரல்கள் மட்டும் இறுகின.

"கையெல்லாம் ஈரம். தண்ணியில விட்டியா? அம்மா திட்டப் போறா."

ரொம்ப ஊறிய கை. துணி துவைக்கிறவர்களுக்கு விரல் நுனி சுருங்குமே, அந்தச் சுருக்கம் அவள் உள்ளங்கை முழுக்க இருந்தது. தோல் தனியாகவும் எலும்பு தனியாகவும் நகர்வது மாதிரி ஒரு தளர்ச்சி. இடுக்குகளில் ஏதோ நறநறத்தது. மணல் என்று நினைத்தேன். எனக்கு அருவருப்பு வந்தது. உடனே என் மேலேயே கோபம் வந்தது. பெற்ற பிள்ளையின் கை. ஊறினால் என்ன, நாறினால் என்ன.

ஆமாம். நாறியது. அந்த நாற்றம் இப்போது என் பக்கத்திலேயே இருந்தது. என் இடுப்பு உயரத்தில்.

கடிகாரத்தைப் பார்த்தேன். 4.19.

"இனிமே அத்தா உன் கைய விடமாட்டேன். சரியா?"

கை இன்னும் இறுகியது. பிறகு மெல்ல இழுத்தது. பின்னால், தொட்டிப் பக்கமாக.

"அங்க தொட்டிம்மா. விழுந்துடுவ. நில்லு."

மறுபடியும் இழுத்தது. ஏழு வயசுப் பிள்ளைக்கு இவ்வளவு பலமா என்று தோன்றியது. நான் திரும்பி ஒரு அடி வைத்தேன். பலகை வழுக்கியது. இன்னொரு அடி வைத்தேன். என் முழங்காலில் தொட்டியின் விளிம்பு இடித்தது.

4.23.

களுக்... என்று தண்ணீருக்குள் ஏதோ அசைந்தது.

கை என் இடுப்பு உயரத்தில் இல்லை. கீழே இருந்தது. நான் குனிந்துகொண்டிருந்தேன். எப்போது குனிந்தேன் என்று தெரியவில்லை. என் மணிக்கட்டு வரை தண்ணீரில் இருந்தது. வெதுவெதுப்பான தண்ணீர்.

"ஷிஃபா... எழுந்திரு."

அப்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஷம்சாத்தின் குரல் கேட்டது. வெளியிலிருந்து. களத்துப் பக்கமிருந்து.

"ஏங்க... எங்க இருக்கீங்க? புள்ளைக்குக் கொமட்டுச்சுன்னு அப்பவே கூட்டிட்டு வந்துட்டேங்க. ஷிஃபா எங்கிட்டதான் இருக்கா."

4.25.

நான் மூச்சு விடவில்லை.

கையும் அசையவில்லை.

கேட்டுக்கொண்டிருந்தது போல.

பிறகு... மெதுவாக... இன்னொரு சின்னக் கை தண்ணீரிலிருந்து வந்து என் முழங்கையைப் பிடித்தது.

இழுத்தேன்.

விடவில்லை.

காலைத் தொட்டிச் சுவரில் ஊன்றி, முழு பலத்தோடு இழுத்தேன்.

சளக்...

உறை கழல்வது போல ஏதோ கழன்று வந்தது.

மல்லாந்து விழுந்தேன். எங்கோ ஜெனரேட்டர் உறுமியது. நீல பல்புகள் எரிந்தன. 4.26.

தொட்டித் தண்ணீரில் ஒரு சலனம் இல்லை. மேலே கட்டியிருந்த ஆடை மட்டும் கிழிந்திருந்தது. என் கை போகிற அளவுக்கு.

என் உள்ளங்கையைப் பார்த்தேன். வெள்ளையாக, மெல்லியதாக, பாலாடை போல ஒன்று ஒட்டியிருந்தது. அதில் கோடுகள் இருந்தன. ரேகைகள். விரலிடுக்கில் நாலைந்து நெல்மணிகள், ஊதிப்போய், வெள்ளையாக முளைவிட்டு.

நான் அங்கேயே வாந்தி எடுத்தேன். பரணிதரன் ஓடிவந்து பிடித்துக்கொண்டான். "வழுக்கி விழுந்துட்டீங்களா சார்?" என்றான். என் கையைப் பார்த்ததும் பின்பக்கக் கதவைக் கைகாட்டினான். "அங்க பைப் இருக்கு சார். கழுவிக்குங்க."

குழாயடியில் ஒரு பெண் வாளி கழுவிக்கொண்டிருந்தாள். ஐம்பது வயதிருக்கும். கூட்டிப் பெருக்குகிறவள். பெயர் நாகம்மாள் என்று பிறகு தெரிந்தது. நான் கையை நீட்டிக்கொண்டு, அதைத் தொடவும் முடியாமல் உதறவும் முடியாமல் நின்றேன். அவள் பார்த்தாள். பயப்படவில்லை.

"மூணாவது தொட்டிகிட்டயா?"

தலையாட்டினேன்.

"எவ்வளவு நேரம் புடிச்சிருந்துச்சு?"

"பதினோரு நிமிஷம்."

அவள் வாளியைக் கீழே வைத்தாள். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்து, அந்த வெள்ளைத் தோலை நகத்தால் ஓரத்திலிருந்து மெல்ல உரித்து எடுத்தாள். கிழியாமல் எடுத்தாள். முந்தானை நுனியில் வைத்து முடிந்துகொண்டாள்.

"இங்க நாலு வருஷமா கூட்டுறேன் தம்பி" என்றாள். "தெனமும் அந்தத் தொட்டி மேல கைய நீட்டிட்டு நிப்பேன். எனக்கு ஒரு தடவகூட குடுத்ததில்ல. போங்க. ஒங்க புள்ள காத்துக்கிட்டு நிக்கிது."

களத்தில் ஷிஃபா குச்சி ஐஸ் சாப்பிட்டுக்கொண்டு நின்றாள். கை காய்ந்து, சுத்தமாக இருந்தது.

"என்ன மச்சான், உள்ள எறங்கி மீன் புடிச்சீங்களா?" என்றான் சித்தீக்.

ஷிஃபா என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்த லீவில் அவளாகப் பேசிய முதல் வார்த்தை இதுதான்.

"அத்தா, ஒங்க கை நாறுது."

வீட்டுக்குப் போய்ச் சீயக்காய், எலுமிச்சம்பழம், உப்பு, மண்ணெண்ணெய் எல்லாம் போட்டுத் தேய்த்தேன். சாப்பாட்டை வாய்க்குக் கொண்டுபோனால் அந்த நாற்றம் அடித்தது. மூன்று நாள் ஸ்பூனால் சாப்பிட்டேன். "தம்மாம்ல பழகிட்டு வந்திருக்காரு" என்று மாமனார் வீட்டில் கேலி செய்தார்கள்.

நாலாம் நாள், புதன்கிழமை, சித்தீக்கின் பைக்கை எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன். காலை 11.20. நாகம்மாள் மில்லுக்குப் பின்னால், பழைய உமிக் குவியல் ஓரமாக உட்கார்ந்து, கெளுத்திக்குப் போடக் கோழிக்குடல் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் ஏன் வந்தேன் என்று அவள் கேட்கவில்லை.

"அது யாரு, அக்கா?"

"எம்பொண்ணு. ஜெயபாரதி. ஏழு வயசு."

அரிவாள்மணையில் குடல் வழுக்கி வழுக்கி விழுந்தது. அவள் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"அப்ப நான் இந்தக் களத்துல நெல்லு காயப்போடுற வேலை. லாரி வந்து போற எடம். புள்ளய வெளிய விடப் பயம். காலித் தொட்டி இருந்தா அதுக்குள்ள சாக்கு விரிச்சுப் படுக்க வச்சிடுவேன். பக்கத்துல நீராவிக் குழா. கதகதன்னு இருக்கும். நாங்க எல்லாருமே அப்படித்தான் செய்வோம். முழிச்சா ஏணியில ஏறி வந்துடும். அன்னிக்கு அவ தூங்குனா. திடீர்னு மழை இருட்டிக்கிட்டு வந்துச்சு. களத்துல நெல்லு கெடக்கு. நனைஞ்சா போச்சு. எல்லாரும் ஓடுனோம் அள்ள. திரும்பி வந்தா தொட்டியில நெல்லக் கொட்டித் தண்ணி விட்டிருக்காங்க. உள்ள பாத்தீங்களாடான்னு கேட்டேன். பாத்துட்டுத்தான் கொட்டுனோம்னாங்க."

"நீங்க நம்பிட்டீங்களா?"

"ஏறி வந்திருப்பான்னு நெனச்சேன். எப்பவும் ஏறி வந்துடுவாளே. புது ஆத்துப் பக்கம் ஒரு புள்ள போச்சுன்னு எவனோ சொன்னான். மூணு நாளு ஆத்துல தேடுனோம். மூணு நாளு ஊறுன நெல்லு எப்பவும் நாறும். வித்தியாசமா யாருக்குத் தெரியும்?"

நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"மூணாம் நாளு அடிக்கதவத் தொறந்தாங்க. நெல்லு வந்துச்சு. பாதியில அடைச்சுக்கிச்சு. கம்பியால குத்துனாங்க. கை வந்துச்சு."

நறுக்குவதை நிறுத்தினாள்.

"கை மட்டும் வெளிய வந்து நின்னுச்சு. நாந்தான் கிட்டக்க கூடையோட நின்னேன். புடிச்சு இழுத்தேன். தோலு எங்கையோட வந்துருச்சு. பயந்துட்டேன் தம்பி. பெத்தவதான். ஆனா அருவருத்துப் போச்சு. விட்டுட்டேன். கை மறுபடி உள்ள போயிருச்சு."

அவள் நிமிர்ந்தாள். என் கையைப் பார்த்தாள். நான் கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டேன்.

"போலீஸு?"

"ஆத்துல விழுந்து செத்துச்சுன்னு எழுதிக்கிட்டாங்க. மொதலாளி சொன்னாரு, எல்லாரும் தலையாட்டுனோம். நானும்தான்."

கிளம்ப எழுந்தேன். பிறகு, ஏன் கேட்டேன் என்று இன்றுவரை தெரியாது. கேட்டுவிட்டேன்.

"அந்த நெல்ல என்ன பண்ணாங்க?"

"என்ன பண்ணுவாங்க? கொட்டிட்டா ஊருக்குத் தெரிஞ்சுபோவும். அலசுனாங்க. அவிச்சாங்க. காயவச்சு அரைச்சு, நெல்லுக்காரங்களுக்கே அரிசியா அனுப்பிட்டாங்க. வீட்டுச் சாப்பாட்டுக்குப் போட்ட நெல்லு அது. பன்னெண்டு மூட்டை."

"யாரு வீடு?"

"பட்டுக்கோட்டை. சேக் தாவூது ராவுத்தர்னு ஒருத்தரு. நல்ல மனுசன். பாவம், அவருக்கு என்ன தெரியும்?"

"எந்த வருஷம்க்கா?"

"ரெண்டாயிரத்து ஒண்ணு. மாசி பொறந்து ரெண்டாம் நாளு."

நான் யார் மருமகன் என்று அவளிடம் சொல்லவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு வந்தேன். வழியில் மூன்று இடத்தில் நிறுத்தி வாந்தி எடுத்தேன்.

வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? என்னவென்று சொல்வது? 2001 மாசியில் நான் சவூதிக்குப் போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. அந்தச் சோற்றை நான் தின்னவில்லை. அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன். மேற்கொண்டு மாதங்களை எண்ணிப் பார்க்க மனம் வரவில்லை.

அக்டோபர் 13, திங்கட்கிழமை. திருச்சி விமான நிலையம். சாயங்காலம் 5.40. பெட்டிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிவிட்டுச் சித்தீக் என்னைக் கட்டிப்பிடித்தான். ஷம்சாத் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஷிஃபா அம்மாவின் பின்னாலிருந்து வந்தாள். யாரும் சொல்லவில்லை. அவளாகத்தான் வந்தாள். என் எதிரே நின்று, கையை நீட்டினாள்.

"அத்தா, வாசல் வரைக்கும் நானும் வர்றேன்."

சின்னக் கை. காய்ந்த கை. பெருநாளுக்கு வைத்த மருதாணி நகத்தில் இன்னும் சிவந்திருந்தது.

என் கை பேன்ட் பைக்குள் இருந்தது. வெளியே எடுக்க முடியவில்லை. சத்தியமாக முயற்சி செய்தேன். எடுக்க முடியவில்லை.

"நேரமாயிடுச்சும்மா" என்று சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். கண்ணாடிக் கதவு தாண்டித் திரும்பிப் பார்த்தேன். ஷிஃபா கையை நீட்டியபடியே நின்றிருந்தாள்.

பதினோரு நாள் கழித்து, அக்டோபர் 24, வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுதுவிட்டு அறைக்கு வந்து வீட்டுக்குப் போன் செய்தேன். சவூதி நேரம் 1.50. ஊர்க் கதையெல்லாம் பேசிவிட்டு, சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டேன்.

"ஷம்சாத், ரெண்டாயிரத்து ஒண்ணுல மாமா அந்தப் பழைய மில்லுல நெல்லு அவிச்சாராமே. ஞாபகம் இருக்கா?"

"ஏங்க, அந்த மில்லுல அவிச்சது அந்த ஒரு வருஷம்தான். பன்னெண்டு மூட்டை. அத எப்படி மறப்பேன்?" என்று அவள் சிரித்தாள். "அப்ப ஷிஃபா வயித்துல அஞ்சு மாசம். எதத் தின்னாலும் வாந்தி. டாக்டரே பயந்துட்டாங்க. அந்த அரிசி வந்தப்புறம்தான் எனக்குச் சோறே எறங்குச்சு. அவ பொறக்குற வரைக்கும் மூணு வேளையும் அதத்தாங்க தின்னேன். வேற எதையும் அவ உள்ள தங்க விடல."